பாரீஸில் 29 பதக்கங்கள்: பதக்கம் வராத போட்டிகளையும் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஆகஸ்ட் 28 முதல் செப்டம்பர் 8 வரை பாரீஸில் நடைபெற்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டிகளில் இந்திய அணி 7 தங்கம், 9 வெள்ளி, 13 வெண்கலம் என 29 பதக்கங்களை வென்று 18ஆம் இடத்தைப் பிடித்தது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்திகளை நாள்தோறும் விடாமல் படித்தேன். வென்றவர்களின் படங்களும் வாழ்க்கைக் குறிப்புகளும் நிறைவாகவே வந்தன. அரசுப் பள்ளிகளில் நெடுங்காலம் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அச்செய்திகளில் நான் தேடியும் கிடைக்காத ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். இந்த 29 பதக்கங்களும் எந்தெந்தப் போட்டிகளிலிருந்து வந்தன, எவற்றிலிருந்து ஒன்றுகூட வரவில்லை, அதற்கு என்ன காரணம் என்பதே அது.

முதலில், அணியின் சாதனையை உள்ளபடி சொல்லியாக வேண்டும். 1968இல் முதன்முதலாகப் பாராலிம்பிக்கில் பங்கேற்ற இந்தியா, 2016 ரியோ வரையிலான அத்தனை போட்டிகளிலும் சேர்த்து வென்றவை 12 பதக்கங்கள்தாம். 2012 லண்டனில் கிடைத்தது ஒரேயொரு வெள்ளி. ரியோவுக்குச் சென்றவர்கள் 19 பேர். வென்றவை 4 பதக்கங்கள். டோக்கியோவில் 54 பேர் சென்று 19 பதக்கங்களும், இப்போது பாரீஸில் 84 பேர் சென்று 29 பதக்கங்களும் வென்றிருக்கிறார்கள். 2015இல் காசியாபாத்தில் நடந்த தேசியப் போட்டியின்போது, கட்டி முடிக்கப்படாத கட்டடத்தில் வீரர்களைத் தங்க வைத்த அவலம் வெளிவந்ததையும், அதையடுத்து இந்திய பாராலிம்பிக் குழுவைச் சர்வதேச அமைப்பு இடைநீக்கம் செய்ததையும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வளர்ச்சியின் அளவு நன்றாகவே புரியும். அந்த நிலையிலிருந்து ஒன்பது ஆண்டுகளில் இந்த இடத்துக்கு வந்தது வீரர்கள், அவர்களுடைய பயிற்றுநர்கள், குடும்பத்தினர் ஆகியோரின் உழைப்பு. அதை ஒரு சொல்லாலும் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று.

ஆயினும் இந்த வெற்றியைக் கொண்டாடும் பேச்சில், "ஒலிம்பிக்கில் 6, பாராலிம்பிக்கில் 29" என்ற ஒப்பீடு எங்கு பார்த்தாலும் முன்வைக்கப்படுகிறது. இது இரு தரப்பு வீரர்களுக்கும் நியாயம் செய்யாத ஒப்பீடு. பாரீஸ் ஒலிம்பிக்கில் 329 பதக்கப் போட்டிகள் நடந்தன, பாராலிம்பிக்கில் 549. ஒரே ஈட்டி எறிதல், குறைபாட்டின் தன்மையையும் அளவையும் பொறுத்துப் பல பிரிவுகளாகத் தனித்தனியே நடத்தப்படுகிறது. செயற்கைக் காலோடு போட்டியிடுபவர்களுக்கான எஃப் 64 பிரிவில் சுமித் அன்டில் 70.59 மீட்டர் எறிந்து தங்கம் வென்ற போட்டி வேறு. உயரம் குறைந்தவர்களுக்கான எஃப் 41 பிரிவில் நவ்தீப் சிங் 47.32 மீட்டர் எறிந்து தங்கம் வென்ற போட்டி வேறு. நம் வீரர்களை மதிப்பிட வேண்டுமானால், அதே 549 போட்டிகளில் மற்ற நாடுகள் என்ன செய்தன என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். சீனா 220 பதக்கங்களை வென்றது. நம்மைப் போலவே வறுமையும் ஏற்றத்தாழ்வும் மிகுந்த பிரேசில் 25 தங்கம் உட்பட 89 பதக்கங்களை வென்று ஐந்தாம் இடத்தைப் பிடித்தது. இந்தியாவைவிடப் பன்மடங்கு சிறிய உஸ்பெகிஸ்தான் 10 தங்கங்களுடன் நம்மை முந்தி நிற்கிறது.

இப்போது நம் பட்டியலைப் பிரித்துப் பார்ப்போம். 29இல் 17 பதக்கங்கள் தடகளத்தில் வந்தவை. பேட்மிண்டனில் 5, துப்பாக்கி சுடுதலில் 4, வில்வித்தையில் 2, ஜூடோவில் 1. தடகளத்தின் 17இல் 13 பதக்கங்கள் எறிதலிலும் உயரம் தாண்டுதலிலும் கிடைத்தவை. எஞ்சிய நான்கையும் ஓடுபாதையில் வென்றவர்கள் பிரீத்தி பால், தீப்தி ஜீவாஞ்சி, சிம்ரன் என்ற மூன்று பெண்கள். பிரீத்தி 100 மீட்டரில் வென்ற வெண்கலம்தான் பாராலிம்பிக் ஓடுபாதையில் இந்தியா வென்ற முதல் பதக்கம் என்பதற்கு இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்க வேண்டும். பாரீஸில் நடத்தப்பட்ட 22 விளையாட்டுகளில் இந்தியர்கள் பங்கேற்றவை 12 மட்டுமே. சக்கர நாற்காலிக் கூடைப்பந்து, அமர்ந்து ஆடும் கைப்பந்து, பார்வையற்றோர் கால்பந்து போன்ற குழு விளையாட்டு ஒன்றில்கூட நம் அணி இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது நீச்சல். தடகளத்தின் 164 போட்டிகளுக்கு அடுத்தபடியாக, பாரீஸில் நீச்சலுக்கு மட்டும் 141 போட்டிகள் இருந்தன. மொத்தத் தங்கங்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் நீச்சல் குளத்தில் இருந்தது. அங்கே இந்தியா அனுப்பியது ஒரேயொரு வீரரை. இத்தனைக்கும் பாராலிம்பிக்கில் இந்தியா வென்ற முதல் பதக்கமே நீச்சலில் வந்ததுதான். 1965 போரில் படுகாயமுற்ற இராணுவ வீரர் முரளிகாந்த் பெட்கர், 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். அதற்குப் பிறகு 52 ஆண்டுகளாக அந்தக் குளத்திலிருந்து நமக்கு ஒரு வெண்கலம்கூட வரவில்லை.

இதற்குத் திறமைப் பஞ்சம் காரணம் என்று நான் நம்பவில்லை. எறிதலுக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். ஒரு மைதானம், ஒரு குண்டு அல்லது ஈட்டி, தரையோடு பிணைத்துக் கட்டிய ஓர் இருக்கை, அக்கறையுள்ள ஒரு பயிற்றுநர். இவை இருந்தால் கிராமத்திலும் தொடங்கிவிடலாம். நம் வீரர்கள் அப்படித்தான் தொடங்கினார்கள். நீச்சலுக்கோ முதலில் குளத்தின் வாசலைத் தாண்ட வேண்டும். பெரும்பாலான பொது நீச்சல் குளங்களில் தண்ணீருக்குள் இறங்குவதற்குச் சுவரோடு சுவராகச் செங்குத்தாகப் பொருத்திய இரும்பு ஏணி மட்டுமே இருக்கிறது. சரிவுப் பாதை கிடையாது. சக்கர நாற்காலியிலிருந்து தண்ணீருக்குள் இறக்கும் தூக்கி கிடையாது. உடை மாற்றும் அறையின் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்காது. நான் பணியில் இருந்தபோது, ஒரு காலை இழந்த மாணவன் ஒருவனை நீச்சல் பழக அழைத்துச் சென்றேன். அங்கிருந்த பொறுப்பாளர் அவனுடைய காலைப் பார்த்த மாத்திரத்தில், "ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?" என்று கேட்டு அனுமதி மறுத்துவிட்டார். அவர் கொடுமையான மனிதர் அல்லர். ஆனால் அவருக்கு இப்படி ஒரு மாணவன் வருவான் என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற பயிற்சியும் தரப்படவில்லை. பிரேசிலைச் சேர்ந்த கேப்ரியல் அராவுஜோ கைகள் இல்லாமல், குன்றிய கால்களோடு பிறந்தவர். பாரீஸில் அவர் மூன்று நீச்சல் தங்கங்களை வென்றார். அப்படிப் பிறந்த ஒரு குழந்தை நம் மாவட்டத்தில் எந்தக் குளத்தில் முதன்முதலாக இறங்க முடியும் என்பதை யோசித்துப் பார்த்தேன். எனக்கு விடை கிடைக்கவில்லை. பிரேசிலில் லாட்டரி வருவாயின் ஒரு பங்கு சட்டப்படி பாராலிம்பிக் விளையாட்டுக்குச் செல்கிறது. 2016இல் சாவ் பாவ்லோவில் பல விளையாட்டுகளுக்கும் பொதுவான ஒரு பெரிய பயிற்சி மையத்தை அவர்கள் திறந்தார்கள். அவர்களுடைய பதக்கங்களுக்கு அடித்தளம் அங்கே இருக்கிறது.

குறைபாடு கடுமையாக இருந்தாலும் வாய்ப்புக் கிடைத்தால் நம்மவர்களால் எவ்வளவு முடியும் என்பதற்குப் பாரீஸிலேயே சான்று இருக்கிறது. எஃப் 51 பிரிவுக்கான கிளப் எறிதல் போட்டியைப் பற்றித் தமிழில் விரிவாக யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, உடலின் நடுப்பகுதியும் கால்களும் இயங்காமல், கைவிரல்களிலும் பிடிப்பு இல்லாதவர்களுக்கான போட்டி அது. எறிய வேண்டிய மரக் கட்டையின் எடை 400 கிராமுக்கும் சற்றுக் குறைவு. அதைப் பிடிக்கவே விரல்கள் ஒத்துழைக்காது என்பதால், பசை தடவி விரலோடு ஒட்டவைத்துக்கொண்டு, இருக்கையில் வார்களால் கட்டப்பட்ட நிலையில், தோளின் விசையால் மட்டுமே எறிகிறார்கள். ஹரியானாவின் சோனிபத்தைச் சேர்ந்த தரம்பீர், கால்வாயில் குதித்தபோது அடிபட்டு இந்த நிலைக்கு ஆளானவர். பாரீஸில் அவருடைய முதல் நான்கு எறிதல்களும் செல்லாதவையாயின. ஐந்தாவது முறை கட்டை 34.92 மீட்டர் தொலைவில் போய் விழுந்தது. அது ஆசிய சாதனை, தங்கப் பதக்கம். இரண்டாம் இடம் பெற்றவரும் நம் நாட்டின் பிரணவ் சூர்மாதான். இவர்களுக்குப் பின்னால் இருப்பவர் அமித் குமார் சரோஹா என்ற மூத்த வீரர். அதே குறைபாட்டோடு வாழ்பவர், தரம்பீருக்கு இந்த விளையாட்டைக் கற்றுத் தந்தவர், அதே இறுதிப் போட்டியில் தாமும் களமிறங்கியவர். ஒரு மனிதர் முன்னே சென்று வழி காட்டியதால் ஒரே பகுதியிலிருந்து தங்கமும் வெள்ளியும் வந்தன. அந்த ஒரு மனிதர் இல்லாத மாவட்டங்களில் அதே நிலையில் படுக்கையில் கிடக்கும் இளைஞர்களை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் விளையாடலாம் என்பதே நம் ஊர்களில் பல குடும்பங்களுக்குத் தெரியாது.

மற்ற பதக்கங்களின் பின்னணியும் இதையே சொல்கிறது. நாகாலாந்தைச் சேர்ந்த ஹொகாடோ செமா, இராணுவப் பணியில் இருந்தபோது கண்ணிவெடியில் காலை இழந்தவர். புனேயில் உள்ள இராணுவத்தின் பாராலிம்பிக் பயிற்சி மையம் அவரைக் குண்டு எறிதலுக்குக் கொண்டுவந்தது. இரு கைகளும் இல்லாமல் காலால் வில்லை ஏந்தும் ஷீத்தல் தேவிக்கு ஜம்முவின் கட்ராவில் உள்ள ஒரு பயிற்சிக் கூடமும் ஒரு பயிற்றுநரும் கிடைத்தார்கள். நம் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த பேட்மிண்டன் வீராங்கனை துளசிமதி முருகேசனுக்குத் தந்தையே முதல் பயிற்றுநர். எங்கள் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில், பேருந்து மோதிக் கால் நசுங்கிய உயரம் தாண்டுதல் வீரர் மாரியப்பனை, காய்கறி விற்ற தாய் வளர்த்து ஆளாக்கினார். பள்ளி மைதானத்தில் அவரைக் கண்டெடுத்தவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். ஒவ்வொரு கதையிலும் யாரோ ஒருவர் தற்செயலாக அங்கே இருந்திருக்கிறார். அப்படி ஒருவர் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பிள்ளையை எடுத்து வளர்க்கும் ஓர் ஏற்பாடு நம்மிடம் இருந்ததா என்பதே என் கேள்வி.

மாரியப்பனைப் பற்றி இன்னும் ஒரு சொல். ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி, பாரீஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம் என்று தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவர். பதக்கத்தின் நிறம் இறங்கிக்கொண்டே போகிறதே என்று சிலர் குறையாகப் பேசக் கேட்டேன். எட்டு ஆண்டுகளில் அவர் தாண்டிய உயரம் நான்கு சென்டிமீட்டர்தான் குறைந்திருக்கிறது. உலகின் மற்ற வீரர்கள்தாம் மேலே ஏறியிருக்கிறார்கள். பாரீஸில் அந்தப் போட்டியில் 1.94 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற அமெரிக்க வீரர் எஸ்ரா ஃபிரெச், விளையாட்டுக்கென்றே வடிவமைக்கப்பட்ட செயற்கைக் காலோடு சிறு வயதிலிருந்தே பயிற்சி பெற்று வந்தவர். நம் அரசு மருத்துவமனைகள் வழங்கும் செயற்கைக் கால்கள் நடப்பதற்கானவை. அவற்றைக் கொண்டு ஓடவோ தாண்டவோ இயலாது. தமிழக அரசு சக்கர நாற்காலியும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரும் வழங்குகிறது. அவை பல்லாயிரம் பேரின் வாழ்க்கையை மாற்றியிருக்கின்றன என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் பந்தயத்துக்கான சக்கர நாற்காலி வேறு வகை. பல இலட்சம் ரூபாய் விலையுள்ள அதை ஒரு கூலித் தொழிலாளியின் மகளால் எக்காலத்திலும் வாங்க முடியாது. சக்கர நாற்காலி ஓட்டப் பந்தயங்களில் நமக்குப் பதக்கம் இல்லாததற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

கையில் குறைபாடு உள்ள பெண்களுக்கான எஸ்யூ 5 பிரிவு பேட்மிண்டன் அரையிறுதியில் துளசிமதியும் திருவள்ளூர் மாவட்டத்து மனிஷா ராமதாஸும் எதிரெதிரே நின்று 23-21, 21-17 என்று கடுமையாக ஆடினார்கள். பாராலிம்பிக் அரையிறுதியில் இரண்டு தமிழ்ப் பெண்கள் மோதினார்கள் என்பதே எத்தனை பெருமை! துளசிமதி வெள்ளியும் மனிஷா வெண்கலமும் வென்றார்கள். ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன் உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்எச் 6 பிரிவில் வெண்கலம் வென்றார். இந்தியாவுக்குப் பேட்மிண்டனில் கிடைத்த ஐந்தில் மூன்று தமிழ்நாட்டுப் பெண்களுடையவை. பேட்மிண்டன் கூடங்கள் ஊருக்கு ஊர் இருப்பதும், அவற்றுள் நுழைய இப்பெண்களுக்குத் தடை இல்லாததும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வாசல் திறந்திருந்த இடத்தில் நம் பிள்ளைகள் உலகத் தரத்தை எட்டிவிட்டார்கள்.

பள்ளிக்கு வருகிறேன். குறுவட்ட அளவிலான பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நடக்கும் நாளில், ஊன்றுகோலோடு வரும் மாணவனுக்குக் கொடுக்கப்படும் வேலை பெரும்பாலும் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது, அல்லது தண்ணீர்ப் பாட்டில்களுக்குக் காவல் இருப்பது. அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அவனும் ஓர் ஆட்டக்காரன் என்ற எண்ணம் யாருக்கும் வருவதில்லை. உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டு முறைகள் செய்முறையோடு கற்றுத் தரப்பட வேண்டும். வட்டார வள மையங்களில் பணியாற்றும் சிறப்புப் பயிற்றுநர்களுக்கு எந்த ஊரில் எந்தக் குழந்தை எந்தக் குறைபாட்டோடு இருக்கிறது என்பது நன்கு தெரியும். அவர்களையும் உடற்கல்வி ஆசிரியர்களையும் ஆண்டுக்கு இருமுறை ஒரே அறையில் உட்கார வைத்தாலே, மாவட்டந்தோறும் பல மாரியப்பன்கள் கண்ணில் படுவார்கள்.

அதோடு வகைப்பாடு என்ற ஒன்று இருக்கிறது. ஒரு வீரர் எந்தப் பிரிவில் ஆட வேண்டும் என்பதைத் தகுதி பெற்ற மருத்துவர்களும் இயன்முறை சிகிச்சை நிபுணர்களும் விளையாட்டு வல்லுநர்களும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். நம் கையில் உள்ள மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் குறித்திருக்கும் சதவீதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதை அறியாமல் பெற்றோர் அலைவதை நான் பார்த்திருக்கிறேன். டோக்கியோவில் நம் வட்டு எறிதல் வீரர் ஒருவர் வென்ற வெண்கலம், அவர் அந்தப் பிரிவுக்கு உரியவர் அல்லர் என்ற மறுஆய்வு முடிவால் அடுத்த நாளே பறிபோனது. மேடை வரை வந்த ஒருவருக்கு அது எத்தகைய இடி! வகைப்பாட்டு முகாம்களை மாவட்ட அளவில், பள்ளிப் பருவத்திலேயே நடத்தத் தொடங்கினால் இத்தகைய துயரங்களைப் பெருமளவு தவிர்க்கலாம். எந்த விளையாட்டு தனக்குப் பொருந்தும் என்பதைப் பிள்ளைகளும் முன்கூட்டியே அறிந்துகொள்வார்கள்.

தங்கத்துக்கு 75 இலட்சம், வெள்ளிக்கு 50 இலட்சம், வெண்கலத்துக்கு 30 இலட்சம் ரூபாய் என்று மத்திய அரசு பரிசு அறிவித்திருப்பதை மனமார வரவேற்கிறேன். அதில் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. ஆனால் அந்தப் பணம் வென்ற பிறகு வருவது. வெல்வதற்கு முந்தைய ஆண்டுகளில் பேருந்துக் கட்டணத்துக்கும் சத்துணவுக்கும் கருவிக்கும் குடும்பங்கள் கடன் வாங்குகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விளையாட்டுக்கென்றே 30ஆவது பிரிவை ஒதுக்கி, விளையாட்டு வசதிகள் அனைவரும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. எனவே சரிவுப் பாதையும் தூக்கியும் கேட்பது சலுகை கேட்பதாகாது. மாநிலத்தில் அரசின் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொரு நீச்சல் குளத்துக்கும் விளையாட்டரங்குக்கும் இந்தச் சட்டப்படி என்ன செய்யப்பட்டிருக்கிறது என்பதை அரசு பட்டியலாக வெளியிட வேண்டும். பந்தயச் சக்கர நாற்காலி, விளையாட்டுச் செயற்கைக் கால், எறிதல் இருக்கை ஆகியவற்றை மாவட்ட விளையாட்டு அலுவலகங்களில் வாங்கி வைத்து, நூலகத்தில் புத்தகம் தருவதுபோல் பயிற்சிக்குத் தரலாம். ஒரு நாற்காலியில் பல பிள்ளைகள் பழகிப் பார்க்க முடியும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. மாவட்டங்களில் அது நடக்கும்போது தங்கள் செய்தியாளர் ஒருவரை அங்கே அனுப்பி, மற்ற பிரிவுகளின் முடிவுகளை வெளியிடுவதுபோல, வென்றவரின் பெயர், ஊர், பள்ளி, போட்டிப் பிரிவு, எறிந்த தொலைவு, ஓடிய நேரம் ஆகியவற்றை வெளியிடுங்கள். வீரர் எத்தனை துன்பப்பட்டார் என்பதோடு, எப்படி எறிந்தார், எந்த முயற்சியில் முன்னேறினார் என்பதும் எழுதப்பட வேண்டும். அடுத்த பாராலிம்பிக் 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கவிருக்கிறது. அதில் பங்கேற்க வேண்டிய பிள்ளைகளில் பலர் இப்போது ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரும் ஆசிரியர்களும் படிப்பது தங்கள் மாவட்டச் செய்திப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
உடற்கல்வி ஆசிரியர் (ஓய்வு),
சேலம் மாவட்டம்.